வீட்டு இலக்கத்தில் ஒரு கோடு

ஆடன்வில் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது நிரோஷன் கைக்குத்தான் வரும். அடையாள அட்டையா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, செத்தவருக்குச் சான்றிதழா, எல்லாவற்றையும் அவன்தான் நிரப்பிக் கொடுப்பான். உயர்தரம் வரை படித்தவன். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பகல் முழுக்க அக்கரப்பத்தனை டவுனில் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்தாலும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் யாராவது காகிதத்தோடு உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்க மாட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்பது நான் மரியாதைக்குச் சொல்வது.

விலாசம் என்ற இடத்துக்கு வந்தால் அவன் பேனா நிற்கவே நிற்காது. பெயர், ஆடன்வில் தோட்டம், அக்கரப்பத்தனை. மேல்பிரிவில் இருக்கிற நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் விலாசம் அதுதான், கீழ்ப்பிரிவுக்கும் அதுதான். சில படிவங்களில் வீட்டு இலக்கம் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு கோடு போட்டுவிடுவான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக் காம்பராவுக்கு யார் இலக்கம் கொடுத்தார்கள்? கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். தாத்தா காலத்தில் அப்படி, இப்போதும் அப்படி. அந்தக் கோடு ஒருநாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் மனைவி வினோதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தாள். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. ஹட்டனில் துஷாந்த் என்கிற ஏஜென்ட் ஒரு வீட்டையும் பார்த்து வைத்திருந்தான். இரண்டு வருஷ ஒப்பந்தம். மகள் தனுஜாவுக்கு அப்போது நாலு வயது. வாடகை ஆட்டோவை நம்பிக் குடும்பம் ஓடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் இதைப் பற்றிச் சண்டையும் இல்லை. சண்டை இல்லாததுதான் நிரோஷனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவளைப் போகவிட அவனுக்கு மனசில்லை. போகாதே என்று சொல்ல வாயில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து அந்த வேலை வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளில் டாக்டரை சேனல் பண்ண, அதாவது பார்க்க நேரம் பதிய, ஆட்கள் போன் எடுப்பார்கள் இல்லையா, அந்த அழைப்புகளை எல்லாம் எடுத்துப் பேச ஒரு நிறுவனம். தமிழில் பேச ஆள் தேவை, வீட்டிலிருந்தே வேலை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். வினோதா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே இருக்கிற கல்லில் ஏறி நின்று, சிக்னல் விழுகிற அந்த ஒரு இடத்தில் நின்று, இருபது நிமிஷம் அவர்களோடு பேசினாள். அவள் குரல் யாருக்கும் பிடிக்கும். கோபத்தில் பேசினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கொழும்பில் பிரேமினி என்று ஒரு மிஸ், அவளுக்குப் பிடித்துப்போனது.

"குரல் நல்லா இருக்கு. சிங்களமும் சமாளிக்கிறீங்க. உங்களுக்கு இன்டர்நெட் போன் ஒண்ணு அனுப்புறோம். வீட்டு இணைப்புல அதை மாட்டணும். கையில வச்சிருக்கிற போன் சிம் சரிவராது, பேச்சு வெட்டி வெட்டிப் போகும். உங்க விலாசத்துக்கு எடுத்த வீட்டு இணைப்புதான் வேணும். பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு டெஸ்ட் கால் எடுப்போம். சரியா இருந்தா அடுத்த நாளே வேலை" என்றாள் பிரேமினி.

வினோதா கல்லிலிருந்து இறங்கி வந்து நிரோஷனிடம் சொன்னாள்.

"இங்க பாருங்க. இது சரிவந்தா நான் போகல. வராட்டி, துஷாந்த் தர்ற பேப்பர்ல கையெழுத்து வைக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சரிவரும். அந்த லைன் விஷயத்த எங்கிட்ட விடு" என்றான் நிரோஷன். அன்றைக்கு அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கையில் மூன்று வாரம் இருந்தது.

எந்த இணைப்பை எடுப்பது? அதைக் கேட்டால் போதும், லயத்தில் வாய் உள்ளவர்கள் எல்லாம் பேசினார்கள். டவுனில் மூன்று கம்பெனிகளின் பலகை உண்டு. ஒன்றில் யானை, ஒன்றில் பட்டம், ஒன்றில் குருவி. கம்பெனிப் பேரை யாரும் சொல்வதில்லை. பக்கத்துக் காம்பரா அழகுமுத்து யானைக் கட்சி. பத்து வருஷமாக ஒரே சிம்.

"யானையத் தவிர மத்ததெல்லாம் மழை பெஞ்சா படுத்துரும்" என்றார் அவர்.

"ஆமா, ஒங்க யானை வெயிலடிச்சாலும் படுத்துத்தானே கெடக்கு. நேத்து எம் மகன் கொழும்புல இருந்து எடுக்குறான், ஒரு மணி நேரமா ஹலோ ஹலோன்னு கத்துறீங்க" என்றாள் மீனம்மா. அவள் கொழுந்தெடுக்கிறவள், அழகுமுத்துவின் மனைவி. அவள் குருவி.

நிரோஷன் யார் பேச்சையும் கேட்டு முடிவெடுக்கிற ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு முறை வேண்டும் அவனுக்கு. மூன்று கம்பெனி சிம்மையும் மூன்று வீட்டில் இரவல் வாங்கினான். ஒவ்வொன்றாகத் தன் போனில் போட்டுக்கொண்டு காம்பரா முழுக்க நடந்தான். அடுப்படியில் நின்றான், கட்டில்மேல் ஏறி நின்றான், கூரைத் தகரத்தில் போனை ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். தனுஜாவும் ஒரு சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு இடத்திலும் "இங்க இருக்கு, இங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பார்த்ததை எல்லாம் கொப்பியில் குறித்தான். யானைக்கு ஒரு கோடு. பட்டத்துக்கு ஒன்றுமில்லை. குருவிக்குப் பின்பக்கத்து ஜன்னலோரம் நாலு கோடும் முழுதாக விழுந்தது.

அதற்குக் காரணம் உண்டு. ஆடன்வில் தோட்டம் ஒரு மலையின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. ஆபீசு, தொழிற்சாலை, தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா, பெரட்டுக்களம் எல்லாம் டவுனைப் பார்த்த முன்பக்கத்தில். மேல்பிரிவு லயங்கள் மட்டும் மலைக்கு அந்தப்புறம் இறங்கி, வேறொரு பள்ளத்தாக்கைப் பார்த்துக் கிடக்கின்றன. டவுனில் நிற்கிற சிக்னல் கோபுரங்கள் இவர்களுக்குத் தெரியாது. ஆனால் எதிர் மலையில் குருவிக் கம்பெனி போன வருஷம் ஒரு கோபுரம் நட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் நேரே தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரம்கூட இல்லை.

"குருவிதான்" என்றான் நிரோஷன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் மீனம்மா. அழகுமுத்து அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

அக்கரப்பத்தனை டவுனில் லாபிரின் கடையில்தான் சிம்மும் ரீலோட் கார்டும் இணைப்புப் பெட்டியும் கிடைக்கும். கொழும்பு நிறுவனம் அனுப்பிய போனும் அங்கேதான் வந்து கிடந்தது. கூரியர்காரன் தோட்டத்துக்குள் வருவதில்லை. லாபிர் நல்ல மனிதர். வாங்குகிறவனுக்கு எது சரி என்று நாலு வார்த்தை சொல்லித்தான் விற்பார்.

"குருவி வீட்டுப் பெட்டி நல்ல சாமான் தம்பி. பேச்சு சுத்தமா கேக்கும். ஆனா ஒண்ணு, இது வீட்டுல வைக்கிற பெட்டி. நீங்க எழுதிக் குடுக்கிற விலாசத்துல மட்டுந்தான் வேல செய்யும். வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போனா ஏலாது. யானையும் பட்டமும் அப்படித்தான், வீட்டு இணைப்புன்னா பூட்டித்தான் குடுப்பாங்க" என்றார் லாபிர்.

"நாங்க எங்க நானா தூக்கிட்டுப் போகப் போறோம்? வீட்ட விட்டுப் போகாம இருக்கத்தானே இது" என்றான் நிரோஷன். லாபிரும் சிரித்தார்.

படிவத்தை அவனே வாங்கி நிரப்பினான். லாபிர் கடைப் பொடியனை எழுதச் சொல்ல, இவன் விடவில்லை. பெயர். அடையாள அட்டை இலக்கம். வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. அடுத்த வரியில் ஆடன்வில் தோட்டம், அக்கரப்பத்தனை. கை பழகிய வேலை. லாபிர் அதைப் படம் எடுத்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. வெள்ளை நிறம், ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவு. ஜன்னலோரம் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்தான். கொழும்புப் போனைப் பக்கத்தில் வைத்து வயரைக் கோத்தான். கறுப்புப் போன், அதில் சின்னத் திரை, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட். வினோதா தலை சீவி, பொட்டு வைத்து, யாரோ பார்க்கிற மாதிரி வந்து உட்கார்ந்தாள். மீனம்மாவும் அழகுமுத்துவும் வாசலில் நின்றார்கள். நிரோஷன் சுவிட்சைப் போட்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சையாக மாறும் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. மாறவில்லை. அணைத்துப் போட்டார்கள், திருப்பி வைத்தார்கள், ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்கள். எதிர் மலையில் கோபுரம் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. கையில் இருந்த போனில் மீனம்மாவின் குருவி சிம் நாலு கோடும் காட்டியது. பெட்டி மட்டும் சிவப்பு.

கம்பெனிக்கு எடுத்தான். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினான். அரை மணி நேரம் ஒரு பாட்டு. பிறகு ஒருவர் சிங்களத்தில் பேசினார். நிரோஷனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கல்மேல் நின்றபடி விளக்கிச் சொன்னான். அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் பெட்டியில் பிழை இல்லை, உங்கள் விலாசத்துக்கு உரிய கோபுரத்தில்தான் அது பூட்டப்பட்டிருக்கிறது, நீங்கள் வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றார்.

"இல்ல சேர், என் வீட்டுலதான் வச்சிருக்கேன்."

வீட்டு இலக்கம் இல்லையே, தோட்டத்தின் பெயர் மட்டும்தானே இருக்கிறது, வரைபடத்தில் ஆடன்வில் தோட்டம் என்றால் ஆபீசு இருக்கிற இடம்தான் வருகிறது, அதற்கு டவுன் கோபுரத்தைக் கொடுத்திருக்கிறோம் என்றார் அவர். மாற்ற முடியும். வீட்டு இலக்கத்தோடு விலாசத்தை உறுதி செய்து ஒரு கடிதம் கொடுங்கள். வீட்டின் பெயரில் வந்த கரண்ட் பில் இருந்தாலும் போதும்.

நிரோஷன் கல்லிலிருந்து இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் போட்ட கோடுதான். அவன் கையால், அவ்வளவு அழகாக, ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போட்ட கோடு. கடைப் பொடியன் எழுதியிருந்தால்கூட லயத்தின் பேரையாவது கேட்டிருப்பானோ என்னவோ.

வினோதாவிடம் வந்து சொன்னபோது அவள் திட்டவில்லை.

"நாங்க என்னத்தங்க எழுதியிருக்க முடியும்? இல்லாத நம்பர எப்படி எழுதுறது?" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நல்லாயிருந்திருக்கும்.

கரண்ட் பில் தோட்டத்தின் பேரில் வருகிறது. அது ஆகாது. மறுநாள் ஆட்டோவைத் தெருவில் இறக்காமல் கிராம சேவகரிடம் போனான். அவர் பெரிய புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதிலும் அதே விலாசம்தான், வீட்டு இலக்கத்தில் கோடு. அந்தக் கோடு யார் போட்டதோ, ஆனால் நிரோஷனுடையதைவிடக் கோணலாக இருந்தது. லயத்துக்கும் காம்பராவுக்கும் இலக்கம் போட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வா, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அவர்.

ஆபீசில் கிளாக்கரையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். இடையில் "அடப்பாவமே" என்றுகூடச் சொன்னார்.

"ஒரே ஒரு வரிதாங்கய்யா. ஆறாம் லயம், நாலாம் காம்பரான்னு எழுதி ஒரு சீல் வச்சுக் குடுத்தா போதும். பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு வெளிநாடு போகாம இருப்பா."

"எழுதுறதுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது நிரோஷன். துரை கையெழுத்து வைக்க மாட்டாரு. போன வருஷமே மேல இருந்து சொல்லிட்டாங்க. காம்பராவுக்கு நம்பர் போட்டு, இன்னார் இங்க இருக்காருன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு அது ஒன் வீடுன்னு ஆயிரும். நீ கேக்க மாட்ட. ஒன் மகன் கேப்பான்."

"எனக்கு மக தாங்கய்யா" என்றான் நிரோஷன்.

அவன் பிறந்தது அந்தக் காம்பராவில். அவன் அப்பா செத்ததும் அதில்தான். அங்கே அவன் இருக்கிறான் என்று ஒரு வரி எழுத ஊரில் ஆள் இல்லை. துரையைப் பார்க்க மூன்று நாள் போனான். முதல் நாள் துரை நுவரெலியாவில் கூட்டம். இரண்டாம் நாள் பங்களாவில் விருந்தாளி. மூன்றாம் நாள் பார்த்தார். "தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேக்கிறேன்" என்றார். அது இல்லை என்பதற்கு துரைமார் சொல்கிற வார்த்தை என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படியே பதினெட்டாம் தேதி வந்துவிட்டது.

அன்று மாலையில் யோசனை சொன்னது அழகுமுத்து. அவருக்குக் குருவிமேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் சொன்னார்.

"ஏன் தம்பி, பெட்டி ஆபீசுப் பக்கம் வேல செய்யும்னுதானே சொல்றான்? அங்க தூக்கிட்டுப் போயிப் பேசிட்டா என்ன? குரலத்தானே கேக்கப் போறான், வீட்டையா பாக்கப் போறான்?"

பெரட்டுக்களத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை உண்டு. அதில் ஒரு பிளக் இருக்கிறது. கண்டாக்கையாவைப் போய்ப் பார்த்தான் நிரோஷன். வேலையை மேற்பார்க்கிற அந்த மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"பத்தரைக்குள்ள முடிச்சுக்க. துரை வந்தா, நான் ஒண்ணும் பாக்கல."

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் வெள்ளைப் பெட்டியும் கறுப்புப் போனும் ஒரு சீனிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வினோதா கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். கொட்டகையின் மூலையில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டான். சிவப்பு எரிந்தது. இரண்டு முறை கண் சிமிட்டியது. பச்சை.

நிரோஷன் குனிந்து அதைக் கிட்டத்தில் பார்த்தான். இந்தப் பச்சையைப் பார்க்க அவன் எத்தனை நாள் அலைந்தான்!

சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு வந்தது. வினோதா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "வணக்கம், நான் வினோதா பேசுறேன், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றாள். ஒரு வாரமாக அடுப்படியில் சொல்லிப் பார்த்த வரி. பிரேமினி மிஸ் நோயாளி மாதிரியும், நோயாளியின் மகள் மாதிரியும், கோபக்காரர் மாதிரியும் மாறி மாறிப் பேசினாள். வினோதா ஒவ்வொருவருக்கும் டாக்டரின் பேரும் நேரமும் சொல்லி, திரும்ப ஒருமுறை வாசித்துக் காட்டி, கோபக்காரரையும் சிரிக்க வைத்தாள்.

பத்தேகாலுக்குக் கொழுந்து வந்தது. அது நிரோஷனுக்கு நினைவில்லாமல் போய்விட்டது. அன்றைக்கு மேல்பிரிவு ஆட்களுக்கும் ஆபீசு மலையில்தான் வேலை. முப்பது நாற்பது பெண்கள் சாக்கோடு பேசிக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டும் இறங்கி வந்தார்கள். நிறுவை நேரத்தில் அந்தக் கொட்டகையில் காது கொடுத்து நிற்க முடியாது. நிரோஷன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியில் போய் நின்றான். முன்னால் வந்த மீனம்மா பார்த்தாள். திரும்பி, விரலை உதட்டில் வைத்தாள்.

அவ்வளவு பேரும் வாயை மூடினார்கள். சாக்குகளைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். வழக்கமாகப் பேரையும் கிலோவையும் மலை அதிரக் கத்துகிற கண்டாக்கையா தராசைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் புத்தகத்தில் எழுதினார். ஒருத்திக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அப்பால் ஓடினாள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை அந்தத் தோட்டம் பார்த்ததே இல்லை. அதற்கு நடுவில் வினோதாவின் குரல் மட்டும்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்க வினோதா" என்று பிரேமினி மிஸ் சொன்னது ஹெட்செட்டுக்கு வெளியிலும் கேட்டது. "லைனும் சூப்பர் கிளியர். இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்க கைபோன்ல வீடியோ போட்டு, நீங்க உக்காந்திருக்கிற ரூமைக் காட்டுங்க. கதவு இருக்கணும், வேற ஆள் இருக்கக் கூடாது. நோயாளிங்க விஷயம் இல்லையா, அதான்."

வினோதா நிரோஷனைப் பார்த்தாள். அவன் என்ன செய்வான்? அங்கே கதவும் இல்லை, சுவரும் இல்லை. நாலு கம்பமும் ஒரு தகரமும்தான். "நெட் போயிருச்சுன்னு சொல்லு" என்று அவன் கையை ஆட்டிக் காட்டினான். பச்சை விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, தலையை அசைத்து, தன் போனை அந்தப் பெட்டியில் இணைத்து வீடியோவைப் போட்டாள். மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். தராசு. கொழுந்துச் சாக்கு. வாயில் விரல் வைத்தபடி நாற்பது பெண்கள். கடைசியில் நின்ற ஒருத்தி, படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாள்.

"இது... உங்க வீடா?" என்றாள் பிரேமினி.

"இல்ல மிஸ். வீடு மலைக்கு அந்தப் பக்கம். அங்க இந்த லைன் எடுக்காது. விலாசத்த மாத்தித் தர மாட்டேங்குறாங்க."

பிறகு பிரேமினி நல்லவிதமாகத்தான் பேசினாள். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு வினோதா. உங்க குரல எனக்கு விட மனசில்ல. ஆனா வீடு இல்லாத எடத்துல இருந்து எடுக்க எனக்கு அனுமதி இல்ல. வீட்டுல லைன் வந்த பிறகு கட்டாயம் எடுங்க, சரியா? அந்தப் போனை மட்டும் திருப்பி அனுப்பிருங்க."

வினோதா நன்றி சொல்லி, ஹெட்செட்டைக் கழற்றி, அதன் வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள். யாரும் இன்னும் பேசவில்லை. பேசலாம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நிரோஷனுக்குத் தோன்றியது, ஆனால் அவன் குனிந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினான். கண்டாக்கையாதான் கனைத்துக்கொண்டு, "மீனம்மா, எட்டு" என்றார். சத்தம் திரும்பி வந்தது.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஹட்டனுக்குப் போனார்கள். ஏஜென்ட் துஷாந்த் இளம் வயது, வேகமான ஆள். படிவத்தை நீட்டி, "நீங்களே எழுதிருங்கண்ணே, ஒங்க கையெழுத்து நல்லா இருக்கும்னு அக்கா சொன்னாங்க" என்றான். நிரோஷன் எழுதினான். வீட்டு இலக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவன் பேனா முதல் தடவையாக நின்றது.

"தம்பி, எங்களுக்கு வீட்டு நம்பர் இல்ல. பரவாயில்லையா?"

"அதெல்லாம் எதுக்குண்ணே? ஒரு கோடு போடுங்க. தோட்டத்துப் பேரு இருந்தா போதும்."

வேண்டாம் என்று சொல்வார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் அவன் காத்திருந்தான். உண்மையைச் சொன்னால் வேண்டிக்கொண்டிருந்தான். கிராம சேவகர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். கிளாக்கரையா குடும்ப நிலைமைக் கடிதத்தை இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார். துரை அதில் நின்றபடியே கையெழுத்து வைத்தார். மருத்துவப் பரிசோதனையில் கேட்கவில்லை, பயிற்சி நிலையத்தில் கேட்கவில்லை, விசாவிலும் கேட்கவில்லை. மூன்று வாரமாக ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிய அந்த விலாசம், அவளை அனுப்ப மட்டும் எங்கும் முட்டாமல் போய்ச் சேர்ந்தது. பயணத் தேதி குறித்த கடிதம் பெரட்டுக்களத்துக்கு வந்தது. கண்டாக்கையா பேர் சொல்லிக் கூப்பிட்டார். மீனம்மாதான் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

போவதற்கு முந்தின நாள் பகலில் வினோதா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புப் போன் கொழும்புக்குத் திரும்பிப் போயிருந்தது. வெள்ளைப் பெட்டி மட்டும் ஜன்னல் பலகையில் கிடந்தது. அதைப் பார்க்கும் போதெல்லாம் நிரோஷனுக்கு எரிந்தது.

"இத லாபிர் நானாகிட்டயே குடுத்துருறேன். பாக்கப் பிடிக்கல."

"வேணாம். வச்சிருங்க" என்றாள் வினோதா. "ஞாயித்துக்கிழமை பெரட்டு இல்ல, களத்துல ஆள் இருக்க மாட்டாங்க. பாப்பாவயும் இதையும் அங்க கூட்டிட்டு வாங்க. நான் வீடியோவுல எடுக்குறேன். அங்கதானே கிளியரா இருந்துச்சு."

தனுஜா பைக்குள் இருந்த சேலைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, நம்ம வீட்டுல எடுக்க மாட்டியா?"

"நம்ம வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது பாப்பா" என்றாள் வினோதா.

"இங்கதானே இருக்கு" என்றது பிள்ளை. ஜன்னலைக் காட்டியது, கட்டிலைக் காட்டியது, அப்பாவைக் காட்டியது. நிரோஷன் வெள்ளைப் பெட்டியை எடுத்துத் துணியால் துடைத்து, வயரைச் சுற்றி, சீனிச் சாக்குக்குள் வைத்துக் கட்டினான்.